குடியை விட்டுவிட்டார், எனக்குக் கோபம் இப்போதுதான் வருகிறது

வெண்பா:
வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் கணவர் குடியை நிறுத்தி முக்கால் வருடம் இருக்கும். மறுவாழ்வு மையத்திலிருந்து வந்த பிறகு தொடவே இல்லை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேலைக்கு ஒழுங்காகப் போகிறார், சம்பளம் வீட்டுக்கு வருகிறது, மகனுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார். பார்க்கிறவர்கள் எல்லோரும் "இனி உனக்கு நல்ல காலம்தான்" என்கிறார்கள்.

ஆனால் அவர் குடித்துக்கொண்டிருந்த வருடங்களில் வராத கோபம் எனக்கு இப்போது வருகிறது. செருப்பைக் கோணலாக விட்டார் என்று அன்றைக்கு ஒரு கத்து கத்தினேன். அவர் அசந்துபோய் நின்றார், நானும்தான். இன்னொன்று, கதவு திறக்கிற சத்தத்தை வைத்தே அவர் எந்த நிலையில் வருகிறார் என்று சொல்லிவிடுவேன். சாவி நேராகப் பூட்டுக்குள் போனால் பரவாயில்லை. துளையைத் தேடித் தேடி உரசினால் அன்றைக்கு ராத்திரி போச்சு. இப்போது தினமும் நேராகத்தான் போகிறது. ஆனாலும் அந்த நேரம் வந்தால் எனக்கு வயிறு இறுகுகிறது.

"நான்தான் விட்டுவிட்டேனே, இன்னும் என்ன வேண்டும் உனக்கு?" என்று கேட்கிறார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. வெளியில் சொன்னால் 'குடித்தாலும் அழுகிறாள், விட்டாலும் அழுகிறாள்' என்பார்கள். இங்கே யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

மூத்தவள்:
இருந்தது, வெண்பா. அதுவும் என்னுடையது உன்னுடையதைவிட அசிங்கமாக இருந்தது. அவர் நிறுத்தி ஒரு வருடம் ஆனதற்கு எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அந்த மேடையில் என் பெயரை யாரும் சொல்லவில்லை.

குடிக்கிற காலத்தில் கோபப்பட நமக்கு எங்கே நேரம்? யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார், அலுவலகத்துக்கு என்ன பொய் சொல்வது, பிள்ளையை எந்த அறையில் தூங்க வைப்பது என்றே ஓடும். மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பி ஓடும்போதுதானே குத்துகிறது. உனக்கு இப்போது குத்துகிறது. ஆபத்து குறைந்துவிட்டது என்று உன் உடம்புக்குப் புரிந்திருக்கிறது, அவ்வளவுதான். இது நன்றிகெட்டதனம் இல்லை.

குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்று ஆல்-அனான் குழுக்கள் இருக்கின்றன, தெரியுமா? 1951-இல் லோயிஸ் வில்சன் என்ற பெண்மணி தொடங்கியது. அவருடைய கணவர் பில் வில்சன் 1935-இல் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் இயக்கத்தை ஆரம்பித்த இருவரில் ஒருவர். யோசித்துப் பார், கணவர் குடியை விட்டு ஊருக்கெல்லாம் உதவிக்கொண்டிருந்தபோதும் அந்த அம்மாளுக்குத் தனியாக ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது. ஒருநாள் கோபம் தாங்காமல் அவர் கணவர் மேல் காலணியை எறிந்த கதையை அங்கே சொல்வார்கள். நீ செருப்பு என்று எழுதியதும் அதுதான் ஞாபகம் வந்தது.

கரைசேர்ந்தவன்:
நான் அந்தப் பக்கத்து ஆள். குடியை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. உங்கள் கணவர் சார்பாகப் பேச வரவில்லை, உள்ளே என்ன நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதல் சில வாரம் ஒரு துள்ளல் இருக்கும். முகம் தெளியும், எடை கூடும், எல்லோரும் பாராட்டுவார்கள். அதற்கப்புறம் வருகிற மாதங்கள்தான் கொடுமை. எதிலும் ருசி இருக்காது. தூக்கம் சரியாக வராது, வந்தாலும் குடிப்பது போலவே கனவு வரும். நடு ராத்திரி எழுந்து 'ஐயோ, குடித்துவிட்டேனா' என்று வாயை நானே ஊதி முகர்ந்து பார்த்திருக்கிறேன். மூளை பல வருடம் குடிக்கு ஈடுகொடுத்துத் தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. திரும்பச் சரியாக மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொன்னார். உங்கள் கணவர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் அது உங்களால்தான் என்று நினைக்காதீர்கள்.

அந்த "இன்னும் என்ன வேண்டும்" என்ற கேள்வி இருக்கிறதே, நான் கேட்டது அதிகாரத்தில் இல்லை. பயத்தில். விட்டது ஒன்றுதான் என் கையில் இருந்தது. அதுவும் போதாது என்றால் கொடுக்க வேறு என்ன இருக்கிறது என்ற பயம். ஆனால் வெளியே வரும்போது திமிராகத்தான் கேட்கும்.

சந்தேகப்பிராணி:
மன்னிக்கணும், இந்த இழை எங்கே போகிறது என்று தெரிகிறது. இன்னும் ரெண்டு பதிவில் அவரைப் புரிந்துகொள்ளச் சொல்லி வெண்பாவுக்கு வகுப்பு எடுப்பீர்கள். குடிக்கும்போது பொறுமை, விட்டபிறகும் பொறுமை. மூளை, கனவு, ருசி என்று அவருக்கு ஆயிரம் விளக்கம் கிடைக்கிறது. வயிறு இறுகுகிறது என்கிறாரே வெண்பா, அவருடைய மூளை பல வருடம் எதற்கு ஈடுகொடுத்தது?

என் அக்கா இப்படித்தான் புரிந்துகொண்டே இருந்தாள். கடைசியில் அவளுக்குத்தான் ரத்த அழுத்த மாத்திரை.

கரைசேர்ந்தவன்:
சரியான கேள்விதான். காரணம் சொல்வது வேறு, கணக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்வது வேறு. முதலாவதை மட்டும்தான் செய்தேன். ஏ.ஏ.வில் ஒன்பதாவது படி ஒன்று உண்டு: யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர்களிடம் நேரில் ஈடுசெய்வது, அப்படிச் செய்வது அவர்களையோ மற்றவர்களையோ காயப்படுத்தும் என்றால் தவிர. அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலரும் கவனிப்பதில்லை. என் மனச்சுமையை இறக்க உங்கள் தூக்கத்தைக் கெடுத்து மன்னிப்புக் கேட்பது ஈடுசெய்வது ஆகாது.

நிழல்தேடி:
நான் போதை மீட்புத் துறையில் ஆலோசகராக வேலை செய்கிறேன். சந்தேகப்பிராணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிகிச்சை என்றால் குடித்தவருக்கு மட்டும் என்றுதான் பல இடங்களில் நடக்கிறது. வீட்டில் இருப்பவருக்குக் கிடைப்பது ஒரு தாளில் அச்சடித்த அறிவுரை.

வெண்பா, உங்களுக்குப் பயன்படலாம் என்று ஒன்றைச் சொல்கிறேன். திமத்தி ஓஃபாரல் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் வளர்த்த ஒரு தம்பதி சிகிச்சை முறை இருக்கிறது. அதில் தினமும் ஒரே நேரத்தில் இருவரும் ரெண்டு நிமிடம் உட்கார வேண்டும். அவர், "கடந்த 24 மணி நேரம் நான் குடிக்கவில்லை, அடுத்த 24 மணி நேரமும் குடிக்காமல் இருப்பதாக இருக்கிறேன். கேட்டதற்கும் துணையாக இருப்பதற்கும் நன்றி" என்பார். நீங்கள், "நேற்றுக் குடிக்காமல் இருந்ததற்கு நன்றி. இன்றைக்கு என்னால் ஏதாவது ஆகணுமா?" என்பீர்கள். காலண்டரில் ஒரு குறி போட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் அப்போதே உங்கள் கண்முன் விழுங்குவார்.

இதோடு சேர்ந்த இன்னொரு ஒப்பந்தம்தான் முக்கியம். பழைய குடியைப் பற்றியும் இனிக் குடித்துவிடுவாரோ என்ற பயத்தைப் பற்றியும் வீட்டில் சண்டை போடுவதில்லை. அதையெல்லாம் ஆலோசகர் அறைக்கு எடுத்துவர வேண்டும். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். மோப்பம் பிடிப்பது, பையைத் துழாவுவது, பத்துத் தடவை போன் செய்வது இதற்கெல்லாம் தேவை குறையும். ஏனென்றால் தகவல் தானாக, குறித்த நேரத்தில் வந்துவிடுகிறது. நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை.

ஒரு நிபந்தனை: வீட்டில் அடிதடி, மிரட்டல் இருந்தால் இந்த முறையைத் தொடாதீர்கள். அங்கே முதல் வேலை பாதுகாப்பு. தம்பதி சிகிச்சை எல்லாம் அப்புறம்.

சந்தேகப்பிராணி:
தினமும் நன்றி சொல்லணுமா? குடிக்காமல் இருப்பதற்கு? நான் தினமும் குடிக்காமல்தான் இருக்கிறேன், எனக்கு யாரும் காலண்டரில் குறி போடுவதில்லை.

மூத்தவள்:
சிரித்துவிட்டேன். ஆனால் நாங்கள் கிட்டத்தட்ட இதைச் செய்தோம். நன்றி என்று சொல்ல எனக்கும் நாக்கு வரவில்லை. "கேட்டுக்கொண்டேன்" என்று மட்டும் சொல்வேன். அதுவே போதுமாக இருந்தது. நன்றி பல மாதம் கழித்து ஒருநாள் தானாக வந்தது, அதுவும் வேறு ஏதோ விஷயத்துக்கு.

கடைசிபெஞ்ச்:
வெண்பா அக்கா, உங்கள் மகனைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் அந்த மகன். இப்போது பெரியவன்.

அப்பா குடித்த காலத்தில் வீட்டில் ரெண்டாவது ஆண் நான்தான். மின்கட்டணம் கட்டுவது, தங்கச்சியை அழைத்து வருவது, அம்மா அழுதால் பக்கத்தில் உட்காருவது எல்லாம் என் வேலை. பத்து வயதில் அது பாரம் என்று தெரியாது, பதவி மாதிரி இருந்தது. அப்பா நிறுத்தினார். ஒருநாள் திடீரென்று என் மதிப்பெண் அட்டையைக் கையில் எடுத்து "என்னடா இது?" என்றார். 'நீ யாருய்யா கேட்க' என்று மனதுக்குள் வந்த கோபம் இருக்கிறதே, இன்றைக்கும் மறக்கவில்லை. எல்லோரும் அப்பா நல்லவராகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டபோது என் பதவி போய்விட்டது, அதை யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்தது பெரிய பேச்சு எதுவும் இல்லை. ஆறு மணிக்கு வருகிறேன் என்றால் ஆறு மணிக்கு வந்தார். வர முடியாது என்றால் முன்கூட்டியே சொன்னார். இதை வருடக்கணக்கில் செய்தார். அப்புறம் ஒருமுறை, "நான் குடித்தது உன்னாலயோ அம்மாவாலயோ இல்லை" என்று ஒரே வரியில் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை, டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் அந்த வரி எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது. "அப்பாவை மன்னித்துவிடு" என்று மட்டும் மகனிடம் யாரும் கேட்காதீர்கள், நீங்களும்.

வெண்பா:
@கடைசிபெஞ்ச் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். என் மகனும் கணக்குச் சொல்லித்தரும்போது அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. நோட்டை மட்டும்தான் பார்க்கிறான். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

புதிய வரவு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உங்கள் வீட்டிலெல்லாம் நிறுத்தியவர்கள். என் கணவர் இன்னும் குடிக்கிறார், சிகிச்சைக்கு வரமாட்டேன் என்கிறார். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது என்று உறவினர் ஒருவர் சொன்னார். யாராவது கொடுத்திருக்கிறீர்களா?

மட்டுறுத்தினர்:
மருந்தின் அளவு, வாங்கும் இடம் பற்றி இங்கே யாரும் எழுத வேண்டாம். நிழல்தேடி, முடிந்தால் நீங்கள் பதில் சொல்லுங்கள்.

நிழல்தேடி:
@புதிய வரவு தயவுசெய்து செய்யாதீர்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் டைசல்ஃபிரம் ஆக இருக்கும். மது உடம்பில் அசிட்டால்டிஹைடாக மாறி, பிறகு அதுவும் உடைந்து வெளியேற வேண்டும். இந்த மருந்து அந்த இரண்டாவது கட்டத்தைத் தடுத்துவிடும். மேலே குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். மருந்தை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு வரலாம். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிடுபவருக்குத்தான் அது மருந்து. இன்னொரு பக்கமும் இருக்கிறது: தெரியவந்த நாளிலிருந்து அவர் உங்கள் கையால் எதையும் சாப்பிட மாட்டார்.

அதேபோல், தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்கு இல்லாதது தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது, காய்ச்சல், கடும் நடுக்கம் என்று போகும். அது மருத்துவ அவசரம். மருத்துவமனை உதவியோடு நிறுத்தினால் இதைச் சமாளிக்க மருந்து இருக்கிறது.

வரமாட்டேன் என்பவருக்கும் வழி உண்டு. ராபர்ட் மேயர்ஸ் உருவாக்கிய கிராஃப்ட் என்ற முறையில் பயிற்சி குடும்பத்தாருக்குத்தான். அவர் குடிக்காத நேரத்தில் கூட இருப்பது, குடித்த நேரத்தில் விலகிப்போவது, அவர் கூத்துக்கு நீங்கள் பொய் சொல்லி மூடாமல் அதன் விளைவை அவரே பார்க்க விடுவது, உதவி பற்றிப் பேச நல்ல தருணம் பார்ப்பது, உங்கள் வாழ்க்கையை நீங்கள் வாழ ஆரம்பிப்பது. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தினர் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கூடி எதிரில் உட்கார வைத்துப் பேசும் முறையில் 30 சதவீதம், ஆல்-அனான் வழியில் 13. ஆல்-அனானைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை, அவர்கள் நோக்கமே அது இல்லை. குடும்பத்தாரின் நிம்மதிதான் அவர்கள் வேலை. மனச்சோர்வு, கோபம் குறைந்தது மூன்று முறையிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

மூத்தவள்:
@புதிய வரவு அந்த உறவினர்களைக் கொஞ்சம் தள்ளி வை. இது அனுபவம்.

தடம்:
வெண்பா, நம்பிக்கை பற்றி ஒரு விஷயம். என் தம்பி ஒரு வருடத்துக்கு மேல் சுத்தமாக இருந்துவிட்டு ஒருநாள் சறுக்கினான். ஒரு கோப்பைதான். ஆனால் 'எல்லாம் போச்சு, நான் இவ்வளவுதான்' என்று நினைத்து அடுத்த நான்கு நாள் குடித்தான். முதல் கோப்பை செய்யாத சேதத்தை அந்த நினைப்பு செய்தது. ஆலன் மார்லட் என்ற ஆய்வாளர் இதைப் பற்றியே விரிவாக எழுதியிருக்கிறார் என்று அவனுடைய ஆலோசகர் பிறகு சொன்னார்: விரதம் முறிந்ததும் வருகிற குற்ற உணர்ச்சிதான் சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குகிறது என்று.

எனவே சறுக்கினால் என்ன செய்வது என்பதை நல்ல நாளில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இப்படி: அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும், சொன்னால் அன்றைக்கு யாரும் கத்தக் கூடாது. தம்பி மனைவி முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "அப்போ குடித்துவிட்டுச் சொன்னால் சரியாகிவிடுமா?" என்றார். கத்துவது மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது, அவ்வளவுதான் என்றதும் சம்மதித்தார்.

நிழல்தேடி:
இதில் ஓர் எச்சரிக்கை சேர்க்கிறேன், குடி அல்லாமல் ஹெராயின், வலிமாத்திரை போன்ற ஓபியாய்டு போதையிலிருந்து மீள்பவர்கள் வீட்டுக்காக. சில வாரம் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். மையத்திலிருந்து வெளியே வந்த முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. அங்கே 'ஒரு தடவைதானே' என்ற பேச்சுக்கே இடமில்லை. நலாக்சோன் (அந்தப் போதை மூச்சை நிறுத்தும்போது அதை முறிக்கிற மருந்து) கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்டு வீட்டில் வைத்திருங்கள்.

தனிவழி:
எனக்குக் குடும்பம் இல்லை. விட்டு ஐந்தாறு மாதம் ஆகிறது. ஒருவரைப் பிடித்திருக்கிறது. 'முதல் வருடம் காதல் கூடாது' என்று என் ஸ்பான்சர் (ஏ.ஏ.வில் எனக்கு வழிகாட்டுகிற மூத்த உறுப்பினர்) சொல்கிறார். இது விதியா?

கரைசேர்ந்தவன்:
விதி இல்லை, ஏ.ஏ.வின் அடிப்படைப் புத்தகத்தில் அப்படி எதுவும் கிடையாது. கூட்டங்களில் வாய்வழியாக வருகிற அறிவுரை. ஆனால் அர்த்தம் இல்லாமல் சொல்லவில்லை. புதுக் காதலும் ஒரு கிறக்கம்தான். அது இருக்கிற வரை மீட்டிங், தூக்கம், பழைய துக்கம் எல்லாவற்றையும் ஒத்திப்போட்டுவிடுவோம். அது உடைந்தால் கால் தானாக எந்தக் கடைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். அவரிடம் உங்கள் கதையைச் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லை என்றால், என் கருத்தில், உங்கள் ஸ்பான்சர் சொல்வதுதான் சரி.

தனிவழி:
சொல்லவில்லை.

சந்தேகப்பிராணி:
முதல் முறையாகக் கரைசேர்ந்தவனோடு முழுசாக ஒத்துப்போகிறேன். அந்த இன்னொருவருக்கும் தெரிந்து முடிவெடுக்கிற உரிமை உண்டு.

வெண்பா:
கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். அந்த ரெண்டு நிமிடப் பேச்சை அவரிடம் சொன்னேன். "நான் என்ன ஜாமீனில் வந்தவனா, தினமும் கையெழுத்துப் போட?" என்றார். சரி, விட்டுவிட்டேன். மறுநாள் அவரே காபி குடிக்கும்போது, "நேத்து ஒண்ணும் இல்லை. இன்னைக்கும் இருக்காது" என்றார், பேப்பரைப் பார்த்துக்கொண்டே. நான் மூத்தவள் சொன்னது போல "கேட்டுக்கொண்டேன்" என்றேன். அது தினமும் நடக்கவில்லை. நடக்கிற நாளில் நான் அவர் பையைத் தொடுவதில்லை.

"இன்னும் என்ன வேண்டும்" என்பதற்கும் ஒரு பதில் சொன்னேன். "நீ விட்டதற்கு முந்தின வருடங்களைப் பற்றி நான் பேசும்போது நீ எழுந்து போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றேன். அன்றைக்கு எழுந்து போகவில்லை. ஆனால் நான் பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை, ரொம்பக் கொடூரமாகப் போய்விட்டது. இதை வீட்டில் செய்வது சரியாக வராது என்று தோன்றுகிறது.

நிழல்தேடி, ஒரு சந்தேகம். அவருக்குப் பார்க்கிற ஆலோசகரிடமே நானும் போகலாமா? அவர்தான் எங்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்.

நிழல்தேடி:
இருவரும் சேர்ந்து பேச அவரிடம் போகலாம். உங்களுக்கென்று தனியாகப் பேச வேறு ஆள் பாருங்கள். அவருடைய ஆலோசகர் முன்னால் உட்கார்ந்தால் 'இதைச் சொன்னால் அவர் மீண்டும் குடித்துவிடுவாரோ' என்று யோசித்து யோசித்துத்தான் பேசுவீர்கள். முதல் தடவை போனில் பேசும்போதே ரெண்டு விஷயம் கேளுங்கள்: போதையால் பாதித்த குடும்பங்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா, நான் சொல்வது என் கணவருக்குப் போகுமா என்று. இரண்டாவதற்குத் தயங்காமல் 'போகாது' என்ற பதில் வர வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அதையும் அவர்களே முதலில் சொல்லிவிடுவார்கள். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் மனநல மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள்.

மகனுக்கும் பள்ளியில் ஆலோசகர் இருந்தால் விசாரியுங்கள். அவனாகப் பேசாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

கடைசிபெஞ்ச்:
பள்ளியில் வேண்டாம் அக்கா. நண்பர்கள் பார்த்துவிடுவார்கள் என்றே போகமாட்டான். வெளியில் பாருங்கள்.

நிழல்தேடி:
ஒப்புக்கொள்கிறேன், வெளியில் பாருங்கள்.